மறக்கப்பட்ட பாடல்களும் மறையாத ஏக்கமும்: கனடிய பொப் இசை குறித்து ஒரு சமூகவியல் நோக்கு

1965 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கனடிய வானொலி நிலையங்கள் பலவற்றுக்கு ஓர் இசைத்தட்டு அனுப்பிவைக்கப்பட்டது. தட்டின் நடுவட்டத்தில், பாடியோரின் பெயர் இடம்பெற வேண்டிய இடத்தில், 'கெஸ் ஹூ?' என்னும் இரு சொற்களே காணப்பட்டன. யாரென்று ஊகித்துப் பாருங்கள் என்பது அவற்றின் பொருள். பாடியோர் வின்னிபெக் நகரத்து இளைஞர். சாட் அலனும் எக்ஸ்பிரெஷன்ஸ் குழுவினரும் என்பது அவர்களது உண்மைப் பெயர். இசைத்தட்டை வெளியிட்ட ரொறன்ரோவின் குவாலிற்றி நிறுவனம் அப்பெயரை வேண்டுமென்றே மறைத்தது. பீற்றில்ஸ் குழுவினரின் புகழ் உச்சத்திலிருந்த அக்காலத்தில், இதுவும் ஏதோவொரு பிரித்தானியக் குழுவின் பாடலாயிருக்கலாம் என்று ஒலிபரப்பாளர் நம்பினாலன்றி அதனைச் சுழலவிடமாட்டார் என்பது நிறுவனத்தின் கணிப்பு. கணிப்புப் பொய்க்கவில்லை. 'ஷேக்கிங் ஓல் ஓவர்' என்ற அப்பாடல் கனடாவில் முதலிடத்தை எய்தியது. விளம்பர உத்தியாக வந்த பெயரே குழுவின் நிலையான பெயருமாயிற்று. தன் நாட்டு வானொலியில் ஒலிப்பதற்காக ஒரு பாடல் தன் பிறப்பிடத்தை மறைக்க நேர்ந்த இந்நிகழ்ச்சியைக் கனடிய இசையுலகினர் ஒரு வேடிக்கைக் கதையாகவே எடுத்துரைப்பர். நாம் அதனை ஓர் ஆவணமாகக் கொள்ள விரும்புகிறோம்.

அந்த அறுபதுகளிலும் தொடர்ந்துவந்த எழுபதுகளிலும் கனடிய வானொலியில் ஓயாது ஒலித்துப் பின்னர் ஓய்ந்துபோன பாடல்களின் மீது, இன்று முதுமையெய்திய ஒரு தலைமுறையினருக்கு ஆழ்ந்த ஏக்கம் இருந்துவருகிறது. மாபெரும் கலைஞரெனப் போற்றப்படுவோர் இந்த ஏக்கத்தின் பொருளாக இருப்பது குறைவு. லெனாட் கோஹனையோ ஜோனி மிச்சலையோ எவரும் தேடிக் கண்டெடுக்க வேண்டியதில்லை. பெருவழக்கிலிருந்த, ஒரு கோடைகாலம் முழுவதும் எல்லோர் வாயிலும் புரண்டு அடுத்த கோடையில் மறைந்துவிட்ட பொப் பாடல்களே இங்கு கருதப்படுபவை. முற்போக்காளர் பலர் இத்தகைய ஏக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. வணிகக் குப்பையின்மீது குட்டி முதலாளித்துவம் கொள்ளும் மயக்கம் என ஒரே வாக்கியத்தில் அதனை ஒதுக்கிவிடுவர். மறுபுறத்தில் தேசியவாதிகள் அப்பாடல்களைத் தேசத்தின் ஆன்மாவாகக் கொண்டாடுவர். இவ்விரு நிலைப்பாடுகளும் ஆராய்ச்சியைத் தொடங்குமுன்னரே முடித்துவைப்பன. ஏக்கம் என்பது ஒரு சமூக உண்மை. அதற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை உற்பத்தி உறவுகளிலே தேடுவது எமது நோக்கம். எமது வாசகருள் பலருக்கு ரொறன்ரோவில் உற்றார் உறவினர் உளராதலால், அந்நாட்டின் பண்பாட்டு வரலாற்றை அறிந்துகொள்வது முற்றிலும் அந்நியமான முயற்சியாகவும் இராது.

கனடாவின் பொருளாதார வரலாற்றாசிரியருள் முதன்மை பெறுபவர் ஹரல்ட் இன்னிஸ். 1930 இல் வெளிவந்த அவரது உரோம வாணிபம் பற்றிய நூல், அந்நாடு மூலப்பொருள் ஏற்றுமதியின் மீது கட்டியெழுப்பப்பட்டமையைக் காட்டிற்று. மீன், உரோமம், மரம், கோதுமை எனப் பொருள்கள் மாறின, உறவு மாறவில்லை. மூலப்பொருள் வெளியே செல்லும். முடிவுப்பொருள் விலைகூடி உள்ளே வரும். இசைத்தட்டுக் கைத்தொழிலின் வரலாற்றை நோக்குவோர்க்கு இக்கோட்பாடு வியக்கத்தக்க பொருத்தமுடையதாகத் தோன்றும். தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரே மொன்றியல் நகரில் தொழில் தொடங்கியவர். அவர் மகன் ஹேபட் 1918 இல் கொம்போ நிறுவனத்தை நிறுவினார். எனினும் 1951 இல் கொம்போ அமெரிக்க டெக்காவின் உடைமையாயிற்று. சுங்கவரிச் சுவரைத் தாண்டும்பொருட்டு அமெரிக்க நிறுவனங்கள் கனடாவில் அமைத்த தொழிற்சாலைகள், தெற்கே பதிவான மூல ஒலிநாடாவைத் தருவித்து இங்கே தட்டாக அழுத்தி விற்றன. கிளைத் தொழிற்சாலை என்னும் சொல் கனடிய இடதுசாரிகளின் எழுத்தில் அடிக்கடி இடம்பெறுவது இதனாலேயே. பதிவுக்கூடமும் முதலீடும் அமைப்பும் தெற்கே இருந்தபடியால் பாடகரும் தெற்கே சென்றனர். நீல் யங்கும் ஜோனி மிச்சலும் கலிபோர்னியாவிற்குச் சென்ற பாதை, உரோமமும் மரமும் சென்ற பாதையே. அவர்கள் குரல் பின்னர் முடிவுப்பொருளாகக் கனடாவிற்குத் திரும்பியது.

அறுபதுகளின் பிற்கூறில் இந்நிலைக்கு எதிரான உணர்வு கூர்மையடைந்தது. 1965 இல் பழைமைவாதச் சிந்தனையாளராகிய ஜோர்ஜ் கிராண்ட் கனடாவின் மறைவுக்கு ஒப்பாரி பாடும் நூலொன்றை எழுதினார். 1968 இல் பொருளியலாளர் மெல் வொட்கின்ஸ் தலைமையிலான குழு, அந்நிய மூலதனத்தின் ஆதிக்கம் பற்றிய அறிக்கையை அரசிடம் கையளித்தது. அடுத்த ஆண்டில் புதிய ஜனநாயகக் கட்சியினுள்ளே தோன்றிய 'வொஃபிள்' அணியினர், சோஷலிசமின்றிக் கனடாவின் சுதந்திரம் இல்லை என வாதிட்டனர். ஒரே பிரச்சினையைப் பழைமைவாதியும் சோஷலிசவாதியும் வெவ்வேறு திசையிலிருந்து தொட்டமை கவனத்துக்குரியது. ஆளும் லிபரல் கட்சி இரு தரப்பினரிடமிருந்தும் ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு, சொத்துடைமையைத் தொடாமல் ஒலிபரப்பு நேரத்தைப் பங்கிட முன்வந்தது.

1971 ஜனவரி 18 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியின் பிறப்பு இவ்வாறானது. 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட ஒலிபரப்பு ஆணைக்குழு, பியர் ஜூனோவின் தலைமையில், மத்திய அலைவரிசை நிலையங்கள் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை ஒலிபரப்பும் இசையில் 30 வீதம் கனடிய இசையாயிருத்தல் வேண்டும் என விதித்தது. தனியார் நிலையங்கள் கடுமையாக எதிர்த்தன. 1969 இலேயே சில நிலையங்கள் 'மேப்பிள் இலை அமைப்பு' என ஒன்றை ஏற்படுத்தி, தாமாகவே உள்நாட்டு இசைத்தட்டுக்களைத் தெரிந்து ஒலிபரப்புவதாகக் காட்டிச் சட்டத்தைத் தவிர்க்க முயன்றிருந்தன. அம்முயற்சி பயனளிக்கவில்லை.

எது கனடிய இசை? இவ்வினாவுக்கு விடையாக ஸ்ரான் கிளீஸ் என்பவர் ஓர் அளவுகோலை வகுத்தார். இசையமைப்பு, பாடகர், பதிவு, பாடல்வரி என்னும் நான்கின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் மேப்பிள் என ஒலிக்கும். நான்கில் இரண்டு கனடியமாயிருப்பின் பாடல் கனடியப் பாடல். முதலாம் ஆண்டில் ஒன்றே போதுமானதாயிருந்தது. பாடல் எதைப் பற்றியது, எந்த மொழிவழக்கில் உள்ளது, எவருடைய வாழ்க்கையைப் பேசுகிறது என்பனவற்றை இவ்வளவுகோல் வினவுவதில்லை. அது வினவுவது பிறப்புச் சான்றிதழை மாத்திரமே. தணிக்கைக்கு இடந்தராத விதி என்று இதனைப் பாராட்டுவோர் உளர், அப்பாராட்டில் உண்மையுமுண்டு. ஆயினும் உள்ளடக்கத்தைக் காப்பதாகக் கூறிக்கொண்ட சட்டம் உள்ளடக்கத்தைப் பற்றியே பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இதன் விபரீதம் இருபது ஆண்டுகளின் பின்னர் வெளிப்பட்டது. 1991 இல் பிரையன் அடம்ஸ் வெளியிட்ட தொகுப்பின் பாடல்கள், வெளிநாட்டவரான மட் லாங்குடன் கூட்டாக இயற்றப்பட்டவை ஆகையால், கனடியப் பாடல்களாகக் கணிக்கப்படவில்லை! எழுந்த ஆரவாரத்தின் பயனாக 1993 இல் விதி தளர்த்தப்பட்டது. 1999 இல் பங்குவீதம் 35 ஆக உயர்ந்தது.

சட்டத்தினால் நன்மை பெற்றோர் யாவர்? ஐயத்துக்கிடமின்றி ஓர் உள்நாட்டு இசைக் கைத்தொழில் உருவாயிற்று. பதிவுக்கூடங்கள் தோன்றின, வால்ற் கிரியலிஸ் 1964 இல் தொடங்கிய ஆர்.பீ.எம். சஞ்சிகையின் தரவரிசைப் பட்டியலுக்கு முக்கியத்துவம் கூடிற்று. அச்சஞ்சிகையின் பரிசளிப்பு ஜூனோவின் பெயரைத் தழுவி 'ஜூனோ விருது' எனப்பட்டது. வாத்தியக் கலைஞர் பலர் சொந்த ஊரிலிருந்தவாறே சீவனம் நடத்தக்கூடியதாயிருந்தது. இதனை அற்பமென்று தள்ளுதல் தகாது. கலைஞனும் கூலி பெறும் உழைப்பாளியே. எனினும் விநியோகத்தின் பெரும்பகுதி அந்நியக் கிளைகளிடமே இருந்தமையால், தேசிய முதலாளித்துவம் பெற்றது சந்தையின் ஒரு மூலையே. நிலையங்களோ சட்டத்தின் எழுத்தைப் பேணி அதன் கருத்தை மீறின. கேட்போர் குறைந்த வேளைகளிலே உள்நாட்டுத் தட்டுக்களைக் குவித்து ஒலிபரப்பும் வழக்கம் 'நீர்நாய் மணி' எனக் கேலி செய்யப்பட்டது. நீர்நாய் கனடாவின் சின்னம்; உரோம வாணிபத்தின் முதற்பண்டமும் அதுவே. பெயரிட்டவர் இன்னிஸைப் படித்தவரோ அறியோம், பெயர் பொருத்தமாயிற்று.

வின்ட்சர் நகரத்துச் சீ.கே.எல்.டபிள்யூ. நிலையம் ஒரு விசித்திரமான எடுத்துக்காட்டு. மோட்டார்க் கைத்தொழில் நகராகிய வின்ட்சர், ஆற்றின் மறுகரையில் அமெரிக்க டெற்றோயிற்றை நோக்கி நிற்பது. 50,000 வாற் வலுவுள்ள இந்நிலையம் 1970 வரை அமெரிக்க நிறுவனமொன்றின் உடைமை. டெற்றோயிற்றின் கறுப்பினத் தொழிலாளரும் வெள்ளையினத் தொழிலாளரும் ஒருங்கே கேட்ட நிலையம் அது. இசைத் தெரிவாளராகிய றோசலி றொம்பிளியின் செவிக்கு அமெரிக்க நிறுவனங்களே அஞ்சின. புதிய விதி அந்நிலையத்துக்கும் பொருந்திற்று. கனடிய தேசியத்தைக் காக்க வந்த சட்டம், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைக்கு எல்லைதாண்டிக் கிடைத்த ஒரு மேடையிலும் 30 வீதத்தைக் கழித்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற சொல்லைப் பொதுப்படப் பயன்படுத்துவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

இனிப் பாடல்களுக்கு வருவோம். 1971 இல் குரோபார் குழுவினரின் 'ஓ வட் எ ஃபீலிங்' புதிய விதியின் முதல் விளைச்சல்களுள் ஒன்றெனக் கருதப்பட்டது. அதே ஆண்டில் கல்கரியின் ஸ்ராம்பீடர்ஸ் குழு 'சுவீற் சிற்றி வுமன்' பாடலைப் பான்ஜோ வாத்தியத்துடன் வழங்கிற்று. ஒட்டாவாவின் ஃபைவ் மான் இலெக்ரிக்கல் பான்ட் குழுவினரது 'சைன்ஸ்' இவற்றினின்றும் வேறுபட்டது. நீண்ட கூந்தலுடைய இளைஞன் ஒருவன் வேலை தேடிச் செல்கிறான். அவனைப் போன்றோர் விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறது ஒரு பலகை. வேலியிட்ட நிலத்தின் முன் இன்னொரு பலகை அத்துமீறுவோரை எச்சரிக்கிறது. தனியார் சொத்துடைமையை இவ்வளவு நேராகச் சுட்டிய பாடல் பெருவழக்குப் பொப் இசையில் அரிது. அமெரிக்காவில் மூன்றாம் இடம்வரை சென்ற இப்பாடலை 1990 இல் டெஸ்லா என்ற அமெரிக்கக் குழு மீளப் பாடியது. அதன்பின் பிறந்தோர் பலர் அது ஒட்டாவாவில் உருவானதென்பதை அறியார்.

1974 ஆம் ஆண்டு ஓர் உச்சம். ரெறி ஜக்ஸ், கோர்டன் லைற்ஃபுட், போல் அங்கா, அன்டி கிம், பக்மன்-ரேணர் ஓவர்டிரைவ் ஆகிய ஐவகைக் கனடியர் அவ்வாண்டில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றனர். இவற்றுள் ரெறி ஜக்ஸின் 'சீசன்ஸ் இன் த சன்' ஆராயத்தக்கது. அதன் மூலம், பெல்ஜிய நாட்டுக் கவிஞர்-பாடகர் ஷாக் பிரெல் 1961 இல் பாடிய 'ல மொறிபோன்'. மரணப்படுக்கையிலிருப்பவன் நண்பனிடமும் குருவானவரிடமும், மனைவியின் கள்ளக்காதலனிடமும், மனைவியிடமும் விடைபெறும் அப்பாடல் நஞ்சு தோய்ந்த எள்ளல் உடையது. மதகுருவும் குடும்பமும் அதன் இலக்குகள். றொட் மக்கியூனின் ஆங்கிலவாக்கத்தின் ஊடாக அது வான்கூவர் வந்து சேர்ந்தபோது எள்ளல் கழன்றது; காதலன் மறைந்தான்; தந்தையும் சின்னஞ்சிறு பெண்ணும் புகுந்தனர். இனிய சோகம் எஞ்சிற்று. ஒரு பாடல் கண்டம் தாண்டும்போது பண்ட உருவம் அதனை எவ்வாறு மழமழப்பாக்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1977 இல் டான் ஹில் பாடிய 'சம்ரைம்ஸ் வென் வீ ரச்' பாடலும் இவ்வகையினதே. அமெரிக்க இனவெறியைத் துறந்து வடக்கே குடியேறி, 1962 இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் முதற் பணிப்பாளராகிய டானியல் ஹில்லின் மகன் அவர். தந்தையின் போராட்ட வரலாற்றில் ஒரு சொல்தானும் மகனின் வெற்றிப்பாடலில் ஏறவில்லை. இதற்காகப் பாடகரைக் குறைகூறுவது எமது கருத்தன்று. ஏறியிருப்பின் அது வெற்றிப்பாடலாகியிராது என்பதே கருத்து.

அடோர்னோ 1941 இல் எழுதிய கட்டுரையில் பொப் இசையின் தரப்படுத்தலையும், தரப்படுத்தலை மறைக்கும் போலித் தனித்துவத்தையும் விளக்கியுள்ளார். கனடிய வெற்றிப்பாடல்களின் அமைப்புக்கு அவ்விளக்கம் பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்கச் சந்தையை நோக்கி இயற்றப்பட்டமையின் ஊர்ப்பெயர், பனிக்காலம், ஆலைச்சங்கு முதலியன அவற்றில் அருகியே தோன்றும். இங்ஙனமாயின், எந்த ஊரையும் சாராத இப்பாடல்களின்மீது ஓர் ஊருக்கான ஏக்கம் எவ்வாறு படிகிறது? அடோர்னோவிடம் இதற்கு விடை இல்லை. றேமண்ட் வில்லியம்ஸின் 'உணர்வமைப்பு' என்னும் கருத்து உதவக்கூடும். ஒரு காலத்தில் வாழ்ந்தோர், கோட்பாடாகச் சொல்லத் தெரியாமலே, வாழ்க்கையின் சுவையாக அனுபவித்தவற்றின் தொகுதி அது. பாடல் அத்தொகுதியை விவரிக்க வேண்டியதில்லை. அதனோடு ஒரே நேரத்தில் ஒலித்திருந்தாலே போதும்.

மறதி எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். பாடல்கள் தாமாக உதிர்ந்துவிடுவன என்ற எண்ணம் பொருந்தாது. மறதிக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. முதலாவதாகப் பங்குவீதச் சட்டமே அதற்கு உதவிற்று. நிலையங்கள் துணிவின்றி ஆன் மறே, லைற்ஃபுட், கெஸ் ஹூ போன்ற சிலரின் தட்டுக்களையே 30 வீதத்தை நிரப்பும்வரை சுழற்றின. அவர்கள் செவிக்குச் சலிப்பாயினர். ஏனையோர் செவிக்கே எட்டவில்லை. பின்னர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. குவாலிற்றி நிறுவனம் எண்பதுகளின் நடுவில் இசைத்தட்டு வெளியீட்டை நிறுத்தியது. கொம்போவின் சொத்து எம்.சீ.ஏ. ஆகி, 1995 இல் மொன்றியல் மதுபானக் கம்பனியாகிய சீகிராமிடம் வந்து, 2000 இல் பிரெஞ்சு விவென்டியிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலைபோகக்கூடிய பாடல்கள் மாத்திரம் கணக்கேட்டில் ஏறின. உரிமை எவரிடமுளது என்பதே தெளிவற்ற பாடலை மீள்வெளியிட எந்த வணிகனும் முன்வாரான்.

வானொலியும் மாறிற்று. 1957 முதல் வாரந்தோறும் வெளிவந்த ரொறன்ரோ 'சம்' நிலையத்தின் பட்டியல் 1986 இல் நின்றது. 1989 இல் அதே நிலையம் பழைய பாடல்களுக்கெனத் திரும்பிவந்தது. 2009 இல் அதுவும் முடிந்தது. பழம்பாடல் நிலையம் என்பது நினைவின் களஞ்சியமெனத் தோன்றும். உண்மையில் அது நினைவின் சல்லடை. கேட்போரைக் கூட்டி ஒவ்வொரு பாடலின் சில வினாடிகளை ஒலிக்கச்செய்து, உடனே அடையாளங் காணப்படுவனவற்றை வைத்துக்கொண்டு மற்றையவற்றை விலக்குவது அத்தொழிலின் முறை. நடுத்தர வெற்றிபெற்ற பாடல் இச்சல்லடையில் நிற்பதில்லை. 1981 க்கு முற்பட்ட இசையையே பெரும்பாலும் ஒலிபரப்பும் நிலையங்களுக்குச் சட்டம் 30 வீதத்தையே விதித்ததும் நோக்கத்தக்கது. அக்காலத்துக் கனடிய இசை போதியளவு இல்லை என்று சட்டமே ஒத்துக்கொண்டதுபோலாயிற்று.

ஏக்கத்தைப் பண்டமாக்கும் கலையை உலகுக்குக் கற்பித்ததும் ஒரு கனடிய நிறுவனமே. சஸ்கச்சுவான் மாகாணத்தின் வறிய பண்ணையொன்றில் வளர்ந்த பிலிப் கைவ்ஸ், வின்னிபெக் நகரில் கே-டெல் நிறுவனத்தை நடத்தினார். சமையற் கருவிகளைத் தொலைக்காட்சியில் கூவி விற்ற அவர், 1966 இல் அதே முறையில் பாடற்றொகுப்பொன்றை விற்றார். ஒரே தட்டில் இருபது பாடல்களை அடக்கும்பொருட்டுப் பாடல்கள் பலவற்றின் நீளம் வெட்டப்பட்டது. பலரது நினைவிலுள்ள பாடல் அந்த வெட்டுண்ட வடிவமே. காய்கறி வெட்டும் கருவியும் பாடலும் ஒரே விளம்பரக் குரலில் விற்கப்பட்டன என்பதை நாம் உவமையாகக் கூறவில்லை.

நொஸ்ரால்ஜியா என்னும் சொல்லை 1688 இல் பாசல் பல்கலைக்கழக மாணவன் யொஹன்னஸ் ஹோஃபர் ஒரு நோயின் பெயராகப் படைத்தான். அந்நிய மண்ணில் உழைத்த சுவிஸ் நாட்டவரின் வீட்டு நினைவு நோய் அது. தொடக்கத்திலேயே அது கூலிக்கு ஊர்விட்டவர்களின் நோய் என்பது மறக்கப்படலாகாது. எழுபதுகளின் கனடிய வானொலிக்காக ஏங்குவோர் எதை இழந்தனர்? 1966 ஆம் ஆண்டின் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லா மாகாணங்களையும் சென்றடைந்தது. 1971 இல் வேலையில்லாதோர் காப்புறுதி விரிவாக்கப்பட்டது. மோட்டார் ஆலையிலோ உருக்காலையிலோ வேலைபார்த்த ஒருவர் வீடு வாங்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. 1989 இல் அமெரிக்காவுடனான சுதந்திர வாணிப ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அந்நம்பிக்கை தேய்ந்தது. தொழிலகத் தளத்திலும் மோட்டார் வண்டியிலும் சமையலறையிலும் ஒரே நிலையத்தின் ஒரே பாடல் ஒலித்த அனுபவம், முன்பின் அறியாதோர் ஒரே நேரத்தில் ஒன்றைப் பகிர்ந்துகொண்ட அனுபவம், அந்த நம்பிக்கையின் காலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஏக்கத்தின் உண்மைப் பொருள் அதுவேயென்பது எமது துணிபு. ஆனால் ஏக்கம் நேர்மையான வரலாற்றாசிரியன் அன்று. 1970 ஒக்ரோபரில் போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தின்கீழ் கியூபெக்கின் தொழிற்சங்கவாதிகளும் கலைஞரும் சிறையிடப்பட்டதை அது பாடுவதில்லை. 1976 ஒக்ரோபர் 14 ஆம் திகதி ஊதியக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஏறத்தாழப் பத்து இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டின் வெற்றிப்பாடல்களில் அதன் சுவடு எதனையும் நாம் காணோம்.

நோவா ஸ்கோசியாவின் ஸ்பிரிங்ஹில் நகரில் இம்முரண்பாடு கட்டட உருவிலேயே நிற்கிறது. அது நிலக்கரி நகரம். 1891 இல் 125 பேர், 1956 இல் 39 பேர், 1958 இல் 75 பேர் சுரங்க விபத்துக்களில் மாண்டனர். 1958 இன் பின்னர் பெருஞ்சுரங்கம் மீளத் திறக்கப்படவில்லை. அந்நகரத்து வைத்தியர் ஒருவரின் மகள்தான் ஆன் மறே. ஜீன் மக்லெலன் இயற்ற, 1970 இல் அவர் பாடிய 'ஸ்னோபேட்' அமெரிக்காவிலும் பெருவெற்றி பெற்றது. 1989 இல் ஸ்பிரிங்ஹில்லில் அவர் பெயரால் ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. நிலக்கரி போய், நினைவு ஏற்றுமதிப்பொருளாயிற்று. சுரங்கத் தொழிலாளருக்கான நூதனசாலையும் அங்குண்டு என்பதைச் சொல்லாதுவிடின் நகரத்துக்கு நியாயம் செய்தவராகோம்.

ஆனால் ஸ்பிரிங்ஹில்லின் பாடகர் இன்னொருவரும் உளர். 1958 இல் நிலத்தடியில் ஒன்பது நாட்கள் சிக்குண்ட எழுவருள் ஒருவர் மோறிஸ் றடிக் என்னும் கறுப்பினத் தொழிலாளி. இருளில், உணவும் நீருமின்றிக் கிடந்த தோழரின் மனம் தளராதிருக்கப் பாடிக்கொண்டேயிருந்தார். பத்திரிகைகள் அவரைப் பாடும் சுரங்கத் தொழிலாளி என்றன. மீண்டோரை ஜோர்ஜியா மாநில ஆளுநர் தமது கடற்கரைத் தீவுக்கு விருந்தினராய் அழைத்தார். அவர்களுள் ஒருவர் கறுப்பரென அறிந்ததும், அவர் வேறாகத் தங்குதல் வேண்டுமென்றார். தோழரின் விடுமுறை கெடக்கூடாதென்று றடிக் அதற்கு இணங்கித் தம் குடும்பத்தோடு தனியே தங்கினார். அவ்விபத்தைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட கதைப்பாடலை இயற்றியவர் அமெரிக்க நாட்டார் பாடகி பெகி சீகர். றடிக்கின் குரலை எந்த இசைத்தட்டு நிறுவனமும் தேடிச்செல்லவில்லை. மேப்பிள் அளவுகோலின்படி இருளில் எழுந்த அப்பாட்டுக்கும் மதிப்பெண் கிடைத்திருக்கும்.

மறக்கப்படுவதற்கும் முதலில் கேட்கப்பட்டிருத்தல் வேண்டும். பெருவழக்கினுள் நுழையவே விடப்படாதோரைப் பற்றி ஏக்கம் பேசாது. கியூபெக்கின் நிலை வேறு. பிரெஞ்சுமொழி நிலையங்களுக்கு 65 வீதப் பிரெஞ்சுப் பாடல் விதியுண்டு, அங்கே பாடலின் நினைவு தேசிய இயக்கத்தின் நினைவோடு பின்னிக் கிடக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரியது. ஆங்கிலக் கனடாவின் கறுப்பினக் கலைஞர்க்குப் பங்குவீதம் பயன்தரவில்லை. 1990 இல் ரொறன்ரோவில் கறுப்பின இசைக்கென விண்ணப்பித்தோரை விலக்கி, ஆணைக்குழு நாட்டுப்புற இசை நிலையமொன்றுக்கு அனுமதி வழங்கியது. அவர்கட்கு அனுமதி கிட்டியது 2000 இல். 1998 இல் வான்கூவரின் றஸ்கல்ஸ் குழுவினர், ராப் இசைக்கான ஜூனோ விருது தொலைக்காட்சியில் காட்டப்படாத பகுதியில் வழங்கப்பட்டதைக் கண்டித்து அதனை ஏற்க மறுத்தனர்.

யமேக்காவிலிருந்து ரொறன்ரோ வந்த வெய்ன் மக்கீயின் இசைத்தட்டு 1970 இல் வெளிவந்தது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்களே இருந்தன. எனினும் நிலையங்கள் அதனைத் தீண்டவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பழந்தட்டுச் சேகரிப்போர் சிலர் மாத்திரமே அதனை அறிந்திருந்தனர். 2004 இல் அது மீள வெளியிடப்பட்டது. 1966 முதல் 1985 வரை கனடாவிலும் அலாஸ்காவிலும் ஆதிக்குடிப் பாடகர் பதிவுசெய்த பாடல்களைத் திரட்டிய தொகுப்பு 2014 இல் வெளிவந்தது; வில்லி டன், வில்லி திராஷர் முதலியோரின் குரல்கள் அதிலே புதிய தலைமுறையின் செவியை எட்டின. தேடித் திரட்டியோருள் கனடியரும் இருந்தனர். இவ்விரண்டையும் வெளியிட்ட நிறுவனம் அமெரிக்காவின் சியற்றில் நகரில் உள்ளது.